சர்க்கரை நோய் ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களைச் சேர்க்க வழி இருக்கிறதா?

கேள்வி
பதிந்தவர்: தோவாளை நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, விட்டுவிட்டால் ஏன் விடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை வாங்குகிறவர்களைப் போய்ப் பார்த்துக் கேள்வித்தாள் நிரப்புகிறேன்.

போன வாரம் திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் அங்கே அக்காவோடு இருக்கிறார். ஆட்டிசம் உள்ளவர். பேச்சு மிகக் குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அக்கா சொன்னதும் எழுந்து உள்ளே போய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக மார்க்கர் பேனாவால் தேதி எழுதியிருக்கிறார். காலை மாத்திரைக்கு ஒரு கோடு, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு கோடு. முடிந்துபோன அட்டைகளையும் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். நான் பார்த்தவரை ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை. மற்ற வீடுகளில் எல்லாம் "போடுவேன் மோளே" என்ற வாய்வார்த்தைதான் எனக்குக் கிடைக்கிறது. இவரிடம் எழுத்திலேயே சான்று இருக்கிறது.

ஆனால் இவரை என் ஆய்வில் சேர்க்க முடியாது. 'மனவளர்ச்சிக் குறைபாடு, மனநோய், தொடர்புகொள்வதில் சிரமம் உள்ளவர்கள் விலக்கப்படுவர்' என்று என் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. சீனியர்களின் ஆய்வேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே வரி. ஏன் என்று காரணம் எழுதியவர் ஒருவரும் இல்லை. கைடிடம் கேட்டதற்கு, "எத்திக்ஸ் கமிட்டியில் கேள்வி வரும், நேரம் போய்விடும்" என்றார். ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தருகிற குழு அது.

இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதை எந்தச் சட்டமாவது தடுக்கிறதா? சேர்த்தால் ஒப்புதல் யாரிடம் வாங்குவது? கேள்விகளை எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள், முக்கியமாக ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத் துடிப்பு) உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் சொல்லுங்கள்.


பதில்
மார்த்தாண்டம் அம்மா

மக்களே, நீ கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. என் மகனுக்கு இப்போது காலேஜ் வயது. ஆட்டிசம். வாயால் பேசுவது கொஞ்சம், போனில் டைப் பண்ணுவது நிறைய. சின்னதில் இருந்தே ஆய்வு, ஆய்வு என்று எத்தனையோ பேர் எங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், அவன் வயிற்றில் இருக்கும்போது நான் என்ன சாப்பிட்டேன் என்றெல்லாம் கேட்பார்கள். அவன் பல்லைப் பற்றியோ வயிற்றைப் பற்றியோ ஒருத்தரும் கேட்டதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஆட்டிசம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

அவனுக்கு ரிஸ்பெரிடோன் தொடங்கிய பிறகு எடை மளமளவென்று ஏறியது. அந்த மருந்துக்குப் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரையும் ஏறலாம் என்பது டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த மருந்தில் இருக்கிறார்கள். அப்படியானால் சர்க்கரை ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியவர்களே இவர்கள்தானே? உன் படிவம் அவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது.

ஒரு தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலி பற்றிய ஆய்வு ஒன்றில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை வரிசையாகப் படம் போட்ட அட்டையைக் காட்டி, "உனக்கு எவ்வளவு வலிக்குது?" என்று கேட்டார்கள். அவன் கடைசிப் படத்தைக் காட்டி, "இந்தப் பையன் அழறான்" என்று டைப் பண்ணினான். அவர்கள் அதைப் பத்துக்குப் பத்து வலி என்று குறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவனுக்கு வலியே கிடையாது. அதே பிள்ளை கடைவாய்ப் பல் சொத்தையாகி வீங்கியபோது ஒரு சொல் சொல்லவில்லை. கன்னத்தை ஸ்டீல் அலமாரியில் அழுத்திக்கொண்டு நாள் முழுக்க நின்றான். வீட்டில் கூட இருக்கிற எனக்குத்தான் அது வலி என்று விளங்கியது. வலியை ஒவ்வொருத்தர் எப்படிக் காட்டுவார்கள் என்று முதலிலேயே வீட்டாரிடமும் அவர்களிடமும் கேட்டு எழுதிக்கொண்டால் அந்த ஆய்வுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

இன்னொன்று. என் மகன் எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது, இனி வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் இதைச் சொல்லியும், "இன்னும் ரெண்டே கேள்விதான் அம்மா" என்று அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒப்புதல் என்பது முதல் பக்கத்தில் வாங்கும் கையெழுத்தோடு முடிகிற காரியம் இல்லை. நீ போகிற ஒவ்வொரு வீட்டிலும், "இவர் போதும் என்பதை எப்படிச் சொல்லுவார்?" என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்.

அப்புறம், எங்கள் பக்கம் பாதிப் பேர் தெரபிக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள். அங்கே தருகிற படிவம் மலையாளத்தில் இருக்கும். பேசினால் எங்களுக்கு நன்றாகவே புரியும், ஆனால் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய. புரிகிறதா என்று யாரும் கேட்காமலே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வாசித்துக் காட்ட ஒரு ஆள் இருந்தால் என்ன குறைந்துவிடும்?


பதில்
வடசேரி வக்கீல்

தங்கச்சி, நான் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் மருத்துவம் சாராத உறுப்பினராக இருக்கிறேன். சட்ட விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. அதன் 6(2) பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை எந்த ஆய்வுக்கு உட்படுத்துவதாக இருந்தாலும் அவருக்கு எட்டுகிற வழியில், எட்டுகிற வடிவில் விளக்கி, அவருடைய சுதந்திரமான ஒப்புதலைப் பெற வேண்டும். அதோடு, இதற்கென்று அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாத உறுப்பினர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெற்றோர் சங்கங்களும் அந்த அமைப்புகளில் அடங்கும். இந்த அனுமதி பற்றி உங்கள் கமிட்டிச் செயலரிடம் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியும் உங்களுக்குத்தான் துணை நிற்கும். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் ஆய்வில் சேரச் சம உரிமை உண்டு, அப்போதுதான் அந்த ஆய்வின் பலன் அவர்களுக்கும் போய்ச் சேரும் என்கிறது அது. ஆகவே "ஏன் சேர்க்கிறாய்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது. "ஏன் விலக்குகிறாய்?" என்று கமிட்டி கேட்டால்தான் பதில் இல்லை. எங்கள் கமிட்டியில் நான் இப்போது அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

அந்த விலக்கும் வரிக்குப் பின்னால் ஒரு நியாயமான பயம் இருப்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற விடுதியில் 1956இல் தொடங்கிப் பல ஆண்டுகள், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அப்படிப்பட்ட கொடுமைகளுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு விதிகள் அவசியமானவை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் இவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால், இவர்களின் உடம்பைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போய்விடும்.

கையெழுத்து விஷயம். 18 வயது முடிந்துவிட்டால் அக்காவோ அம்மாவோ தானாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம் உள்ளவருக்குக் காப்பாளர் தேவைப்பட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கும். எனவே முதலில் அந்த அண்ணனுக்கு விளக்கி அவரிடமே கேளுங்கள். அவரால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடியவே இல்லை என்றால் மட்டும் சட்டப்படியான பிரதிநிதியிடம் போங்கள். அப்போதும் அந்த அண்ணன் வேண்டாம் என்று காட்டினால் அதோடு நிறுத்த வேண்டும். திட்டத்தைத் திருத்திக் கமிட்டிக்கு அனுப்பி, ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே யாரையும் சேருங்கள்.


பதில்
தக்கலை டிடிபி

எனக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் இருக்கின்றன. முப்பது வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தார்கள். தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். நர்சிங், எம்.பி.பி.எஸ்., சோஷியல் ஒர்க் மாணவர்களின் கேள்வித்தாளும் ஒப்புதல் படிவமும் டைப் செய்ய எங்கள் கடைக்கு வரும். அதனால் இரண்டு பக்கமும் இருந்து சொல்ல முடியும்.

மார்த்தாண்டம் அக்கா சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எங்களை ஆட்டிசம் ஆய்வுக்கு மட்டும் தேடுகிறார்கள். எங்களுக்கும் சர்க்கரை வரும், மூட்டு வலிக்கும், வயதாகும். அமெரிக்காவில் வட கலிபோர்னியாவின் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பில் ஆட்டிசம் உள்ள 1,507 பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாமே மற்றவர்களைவிட எங்களுக்கு அதிகம் என்றுதான் வந்தது. ஆட்டிசம் ஆய்வுகளுக்குள்ளேயும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. 2016இல் ஆட்டிசம் இதழ்களில் வந்த ஆய்வுகளை ஒரு குழு எடுத்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94% பேர் அறிவுசார் குறைபாடு இல்லாதவர்கள். அந்தத் திருவட்டாறு அண்ணனைப் போல அதிகம் பேசாதவர்களை ஆட்டிசம் ஆய்விலும் தவிர்க்கிறார்கள், சர்க்கரை ஆய்விலும் தவிர்க்கிறார்கள். அப்புறம் அவருக்கு எந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

இனி கேள்வித்தாள். கடைக்கு வருகிற தாள்களில் இப்படி ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்: "மாத்திரையைப் பெரும்பாலும் சரியான நேரத்தில் எடுத்துக்கொள்கிறீர்களா?" எதிரே நான்கு கட்டம்: எப்போதும், அடிக்கடி, சில சமயம், அரிதாக. என்னால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. நான் தைராய்டு மாத்திரையைக் காலை 6.30க்குப் போடுகிறேன். ஒருநாள் கரண்ட் போய் அலாரம் அடிக்காமல் 6.50 ஆகிவிட்டது. அப்படியானால் 'எப்போதும்' என்பது பொய். 'அடிக்கடி' என்றால் மாதத்தில் எத்தனை நாள்? கேட்கிறவர் பேனாவோடு காத்துக்கொண்டிருப்பார், நான் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுவேன். முழித்துக்கொண்டிருக்கிறான், இவனுக்கு விளங்கவில்லை என்று அவரே ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிடுவார். அதையே, "போன 7 நாளில் எத்தனை நாள் மாத்திரை போடவில்லை?" என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். இந்த மாற்றம் எனக்கு மட்டும் உதவாது, பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இதுதான் எளிது.

ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்வி வேண்டாம். "மறப்பதில்லை என்பது உண்மையல்ல" என்பது போல இரண்டு எதிர்மறைகளும் வேண்டாம். கேள்விகளை ஒரு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் எனக்குப் பாதி பதற்றம் போய்விடும். சிலருக்கு நேரில் பேசுவதைவிட எழுதுவது சுலபம். இன்னும் சிலர் படத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். போன் பண்ணாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் போன் அடித்தால் எனக்கு அன்றைய வேலையே நின்றுபோகும்.

எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். செலவு மிச்சம் என்று ஒப்புதல் படிவத்தை 8 பாயிண்டில் ஒரே பக்கத்துக்குள் அடைக்கச் சொல்லுவார்கள். 14 பாயிண்ட், வரிக்கு வரி நல்ல இடைவெளி, ஒரு பக்கத்தில் ஒரு விஷயம் என்று வையுங்கள். பக்கம் கூடினாலும் ஜெராக்ஸ் செலவு பெரிதாக ஏறாது. 'தன்னார்வப் பங்கேற்பு' என்று போடுகிற இடத்தில், "உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம். பாதியில் நிறுத்தலாம். நிறுத்தினாலும் உங்கள் மாத்திரை வழக்கம்போல வரும்" என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரி மிக முக்கியம். அரசுத் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள், மாட்டேன் என்று சொன்னால் மாத்திரை நின்றுவிடுமோ என்று பயப்படுவார்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் ஆஸ்பயர் என்ற குழு 2006இலிருந்து இதே வேலையைச் செய்கிறது. கிறிஸ்டினா நிக்கோலைடிஸ் என்ற டாக்டரும், ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டோரா ரேமேக்கரும் சேர்ந்து தொடங்கியது. அங்கே ஆட்டிசம் உள்ளவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லுகிறவர்களாக மட்டும் இருப்பதில்லை. எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, வந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்று எல்லாவற்றிலும் சமமாக உட்காருகிறார்கள். பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கடினமான சொல்லுக்கு விளக்கம் சேர்த்து, விடைக் கட்டங்களுக்குப் படம் போட்டு மாற்றியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே முடியாது. ஆனால் படிவம் அச்சுக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுப்பது இந்த மாவட்டத்திலேயே முடியும். அவர்கள் நேரத்துக்குக் காசும் கொடுக்க வேண்டும். புள்ளியியல் பார்த்துத் தருகிறவருக்குக் கொடுக்கிறோம், இவர்களும் நிபுணர்கள்தான்.

டேமியன் மில்டன் என்று ஆட்டிசம் உள்ள ஒரு சமூகவியலாளர் 2012இல் எழுதியதை என் கடைச் சுவரில் நானே தமிழில் டைப் செய்து ஒட்டியிருக்கிறேன். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே புரிதல் அறுந்துபோனால் அது இரண்டு பக்கத்துச் சிரமம், ஒரு பக்கத்துக் குறை அல்ல என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். உங்கள் படிவத்தில் 'தொடர்புகொள்வதில் சிரமம் உள்ளவர்கள்' என்று இருக்கிறதே, அந்தச் சிரமம் கேட்கிறவருக்கும்தான்.


பதில்
சிறப்பாசிரியை, குளச்சல்

பிரஷர் பார்க்கும்போது கவனமாக இருங்கள் சிஸ்டர். கைப்பட்டை இறுகுவது எங்கள் மாணவர்கள் பலருக்குத் தாங்கவே தாங்காது, அதிலேயே பிரஷர் ஏறித் தப்பான எண் வரும். முந்தின நாளே அந்தக் கருவியின் படத்தை அனுப்பிவிட்டு, நேரில் போனதும் முதலில் அவர்கள் கையில் கொடுத்து, உங்கள் கையில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்விசிறி, டிவி, மிக்ஸி சத்தம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டமாகப் போக வேண்டாம், ஒருவர் போனால் போதும். சொன்ன நேரத்துக்குப் போங்கள். நேரம் தவறினால் அன்றைக்கு நடக்காது.


பதில்
தோவாளை நர்ஸ் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வக்கீல் அண்ணன் சொன்ன பிரிவையும் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியையும் அச்செடுத்துக் கைடிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, திருத்தம் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார். அனுமதி பற்றிச் செயலருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. பதில் வரும் வரை யாரையும் சேர்க்கப் போவதில்லை.

விலக்கும் வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'பேச்சு, எழுத்து, படம், சைகை என்று தமக்கு ஏற்ற எந்த வழியிலாவது விருப்பத்தையும் விருப்பமின்மையையும் தெரிவிக்கக்கூடிய எவரும் சேரலாம். அவர்கள் விரும்பினால் நம்பிக்கையான ஒருவர் உடன் இருக்கலாம்.' படிவத்தின் முதல் கேள்வி, அம்மா சொன்னபடி, "போதும் என்பதை நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்?" என்பதுதான். தக்கலை அண்ணா, புதுக் கேள்வித்தாளை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? கட்டணத்தையும் சொல்லுங்கள்.


பதில்
தக்கலை டிடிபி

பார்த்துத் தருகிறேன். ஒரு பக்கத்துக்கு டைப்பிங்குக்கு வாங்குவதையே வாசிப்புக்கும் வாங்கிக்கொள்கிறேன்.

அனுப்புவதற்கு முன் இரண்டு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உடன் இருப்பவர் பதில் சொன்னால் அதைக் குறிக்கத் தனிக் கட்டம் வேண்டும். அக்கா சொன்னதும் தம்பி சொன்னதும் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டாவது, 'தெரியவில்லை', 'சொல்ல விருப்பமில்லை', 'கேள்வி புரியவில்லை' மூன்றும் வேறு வேறு கட்டங்களாக இருக்கட்டும். மூன்றாவதில் டிக் நிறைய விழுந்தால் கேள்வியைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வியாழன் வரை கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை படித்துத் திருத்தத்தோடு திருப்பி அனுப்புகிறேன். ஃபைலை யூனிகோடில் அனுப்புங்கள், போன் வேண்டாம்.